ஒன்பதா, பதினொன்றா

கண்ணு,

அப்பா எழுதுகிறேன். போன் பண்ணினால் "நல்லாருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். அம்மாவை எழுதச் சொல்லலாம் என்று பார்த்தேன், அவள் பேனாவை எடுத்தாலே அழுகிறாள். மார்பு, அக்குள் என்று அப்பா எழுதுவது உனக்குச் சங்கடமாக இருக்கும். எனக்கும்தான். ஆனால் பழைய கோபால்ட் மெஷின் காலத்திலிருந்து இன்றைய லீனாக் மெஷின் வரை புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை கொடுக்கிற வேலையே பார்த்தவன், மார்பில் அதே சிகிச்சை எடுக்கிற சொந்த மகளுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்ல?

நேற்று திங்கள். என் கணக்குப்படி உனக்குக் கதிர் 11 தவணை முடிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளையிடம் கேட்டேன், 9 என்றார். மேற்கொண்டு நான் கேட்கவில்லை. மெஷின் ரிப்பேராக இருந்திருக்கலாம். மெஷின் என்றால் ரிப்பேர் ஆகத்தான் செய்யும்.

முதலில் தோல். கதிர் அடிப்பது மேல்தோலுக்கு அடியில், புதுச் செல்களை உண்டாக்கும் அடுக்கை. மேலே இருக்கிற பழைய செல்கள் வழக்கம்போல உதிர்ந்துகொண்டே இருக்கும், கீழிருந்து ஈடுகட்ட ஆள் வராது. அந்தப் பற்றாக்குறை வெளியே தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். உனக்கு இப்போது அந்தக் கட்டம். முதல் வாரம் ஒன்றுமே ஆகவில்லையே, இப்போது ஏன் எரிகிறது, ஏதாவது தப்பு நடந்துவிட்டதா என்று நினைக்காதே. தப்பில்லை, கணக்குப்படிதான் வருகிறது.

"தோல் சிவந்தால் தெரிவிக்கவும்" என்று கையில் ஒரு காகிதம் கொடுத்திருப்பார்கள். அது வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதினது. நம் நிறத்தில் சிவப்பு தெரியாது. கறுக்கும், மினுமினுக்கும், இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும். புறங்கையை அந்தப் பக்கம் வைத்துப் பார், அப்புறம் மறுபக்கம் வைத்துப் பார். சூட்டில் வித்தியாசம் தெரிந்தால் அதுதான் உன் சிவப்பு. அதைப் போய்ச் சொல்லு. அவர்களாகப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும் என்று இருக்காதே.

அதிகம் கஷ்டப்படுத்தும் இடம் மார்புக்கு அடியில் இருக்கும் மடிப்பு, அடுத்தது அக்குள். வியர்வையும் உரசலும் ஒரு காரணம். இன்னொன்று பலருக்குத் தெரியாது. இந்த உயர்சக்தி எக்ஸ்ரே தோலின் மேற்பரப்பில் முழு வேகத்தில் வேலை செய்யாது, சாதாரணமாக ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே போன பிறகுதான் உச்சத்துக்கு வரும். தோலுக்கு இயற்கையாகக் கிடைக்கிற சலுகை அது. மடிப்பில் தோல்மேல் தோல் படிந்து கிடப்பதால் அடியில் இருக்கிற தோலுக்கு அந்தச் சலுகை போய்விடுகிறது. அதனால் வீட்டில் இருக்கும்போது மடிப்பைக் காற்றாட விடு. மெல்லிய பருத்தித் துணியை நான்காக மடித்து மார்புக்கு அடியில் வைத்துக்கொள், ஈரமானதும் மாற்று. பவுடர் வேண்டாம். வியர்வையோடு சேர்ந்து கட்டியாகி அதுவே அரிக்கும்.

குளிப்பது தினமும்தான். வெதுவெதுப்பான தண்ணீர், வாசனை இல்லாத மிருதுவான சோப்பு, கையாலேயே தடவிக் கழுவு. நார், பிரஷ் எதுவும் கூடாது. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடு. கதிருக்குக் குறி வைக்கப் பேனாவில் கோடு போட்டிருந்தால் அழிந்துவிட்டதே என்று நீயாகப் போடாதே, அவர்கள் போடட்டும். பச்சை குத்திய புள்ளி என்றால் கவலையில்லை, அது எங்கேயும் போகாது.

க்ரீம் விஷயத்தில் நானே மாறியிருக்கிறேன். கரண்டு, அதாவது கதிர், வைக்கிற அன்று காலையில் எதுவும் தடவக் கூடாது என்று ஒரு காலத்தில் விரட்டுவோம். மெல்லிய பூச்சால் தோலுக்குப் போகும் அளவு கூடுவதில்லை என்று பிறகு அளந்து பார்த்துச் சொல்லிவிட்டார்கள். வெண்ணெய் மாதிரி 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு அப்பினால்தான் அந்த மடிப்பின் கதை திரும்ப வரும். ஆகவே வாசனையில்லாத மாய்ச்சரைசர், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, மெல்லிசாக. உள்ளே போகிற நேரத்துக்குச் சற்று முன் மட்டும் வேண்டாம். உன் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேள். அரிப்பு தாங்கவில்லை என்றால் மோமெட்டாசோன் என்று ஒரு ஸ்டீராய்டு க்ரீம் உண்டு, அவர் எழுதிக் கொடுத்தால் போட்டுக்கொள், நீயாக வாங்காதே. ஐஸ் வைப்பது, வெந்நீர்ப் பை வைப்பது, பிளேடால் அக்குள் மழிப்பது, பிளாஸ்டர் ஒட்டுவது இந்த நான்கும் அந்தப் பக்கம் அண்டக் கூடாது. பிளாஸ்டரைப் பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும்.

தோல் உரிந்து அடியில் ஈரம் கசிந்தால் பயப்படாதே, மறைக்கவும் செய்யாதே. தொங்குகிற தோலைப் பிய்க்காதே. க்ரீமை அந்த இடத்தில் நிறுத்து. உப்பு நீரில் கழுவி, ஒட்டாத வகை டிரெஸ்ஸிங் வைப்பார்கள், சிலிகான் பூசினது. அதை பனியன் அழுத்தியே நிற்க வைக்கலாம், டேப் தேவையில்லை. ஜுரம் 100.4 டிகிரி பாரன்ஹீட்டுக்கு ஏறினாலோ, சீழ், நாற்றம் இருந்தாலோ மறுநாள் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதே.

அந்த 9, 11 விஷயம். ஆபீஸ் மீட்டிங் என்று விட்டாயா? கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஒரே நாளில் மொத்தமாகக் கொடுக்காமல் 15 ஆகப் பிரித்து 40 கிரே அளவு கதிரைக் கொடுப்பது எதற்குத் தெரியுமா? ஒரு தவணைக்கும் அடுத்ததற்கும் நடுவில் நல்ல செல் தன்னைப் பழுது பார்த்துக்கொள்ளும், கெட்ட செல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. இடைவெளி நீண்டால் கெட்டதுக்கும் அவகாசம் கிடைத்துப் பெருக ஆரம்பிக்கும். ஒன்றிரண்டு நாள் விட்டதால் குடி முழுகிவிடவில்லை. கடைசியில் சேர்ப்பார்கள், இல்லையென்றால் சனிக்கிழமை வரச் சொல்வார்கள், சில சமயம் ஒரே நாளில் 6 மணி நேரமாவது இடைவெளி விட்டு இரண்டு வைப்பார்கள். எது என்று அவர்கள் கணக்குப் போடவேண்டும். அதற்கு நீ போய் நிற்க வேண்டும், ஏன் வரவில்லை என்று உள்ளதைச் சொல்லவேண்டும். வாரத்தில் ஐந்து நாள், எண்ணி இன்னும் 6, அப்புறம் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாகக் கொடுக்கிற பூஸ்ட் 5. விடாதே.

முதல் நாளே டாக்டரிடம் எத்தனை கிரே, இதயத்துக்கு எவ்வளவு படும் என்று கேட்டாயாமே. மாப்பிள்ளை சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்படிக் கேட்கிறவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. அப்படிப்பட்டவள் இப்போது வாயை மூடிக்கொள்வதுதான் புரியவில்லை.

கையைத் தூக்கிப் படுக்க முடியவில்லை என்றால் அதையும் சொல்லு. ஆபரேஷன் பண்ணின பக்கம் அக்குளில் கயிறு கட்டி இழுக்கிற மாதிரி வலிக்கும். டாக்டர் அனுமதித்த வலி மாத்திரையை அரை மணி முன்னால் போட்டுக்கொண்டு போ. முழங்கைக்கு அடியில் நன்றாகத் தாங்கல் வைக்கச் சொல்லு. கை நடுங்கினால் மார்பு நகரும், நாலைந்து மில்லிமீட்டர்தான், ஆனால் எங்கள் கணக்கில் அது பெரிசு. சட்டையில்லாமல் கிடப்பது கூச்சமாக இருந்தால், பொருத்திப் பார்த்து முடிந்ததும் மறுபக்கத்தை மூடச் சொல்லு, பெண் டெக்னாலஜிஸ்ட் வேண்டுமென்று கேள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆளைப் படுக்க வைத்துவிட்டு அவர்கள் தலைக்கு மேலே நாங்கள் எண்களைக் கத்திப் பேசிக்கொள்வோம். அந்த ஆளுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்ததில்லை.

உனக்கு இடது பக்கம். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறார்கள் இல்லையா, நுரையீரல் விரிந்து இதயத்தைக் கதிரின் பாதையிலிருந்து உள்ளே, கீழே தள்ளிவிடுவதற்காக. வயிற்றை உப்பாதே, நெஞ்சை உயர்த்து. 20 விநாடி பிடித்தால் தாராளம். வீட்டில் மல்லாந்து படுத்துக் காலை மாலை ஐந்தாறு தடவை பழகு. நடுவில் இருமல் வந்தால் விட்டுவிடு. மூச்சு இறங்கியதும் கதிரை நிறுத்திவிடுவார்கள், கேமராவில் உன்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அசதி தூங்கினால் தீராத அசதி. கடைசி வாரத்திலும் அதற்கடுத்த ஒன்றிரண்டு வாரத்திலும்தான் அதிகம். படுத்தே கிடந்தால் கூடும். தினம் 20, 30 நிமிஷம் மெதுவாக நடந்தால் குறையும், சொன்னால் நம்ப மாட்டார்கள், உண்மை. பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம். ஹீமோகுளோபின் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லு. விட்டமின் சி, ஈ என்று யாராவது பெரிய அளவில் மாத்திரை வாங்கிக் கொடுத்தால் டாக்டரிடம் கேட்காமல் விழுங்காதே. புரதம் உள்ள சாப்பாடே போதும்.

சின்னவனைத் தனியாகப் படுக்க வைக்கிறாயாம். எதற்கு? வெளியிலிருந்து வைக்கிற கரண்டு சுவிட்சை அணைத்ததும் முடிந்தது. விளக்கை அணைத்தபின் அறையில் வெளிச்சம் தங்குமா? உன் உடம்பில் கதிர் எதுவும் தங்காது. குழந்தையை எடு, கட்டிக்கொள். மேலே ஏறிக் குதிக்காமல் மட்டும் நடுவில் ஒரு தலையணை வைத்துக்கொள். தலைமுடியும் இதனால் கொட்டாது, அக்குளில் மட்டும் உதிரும்.

இதெல்லாம் சரி. நான் எழுத வந்தது வேறு. ஆரம்பிக்கும் முன்னால் "வலிக்குமாப்பா" என்று நீ கேட்டாய். "எக்ஸ்ரே எடுக்கிற மாதிரிதாண்டா, ஒண்ணும் தெரியாது" என்றேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. எனக்குத் தெரிந்தது மேஜைமேல் கிடக்கிற அந்தப் பத்து நிமிஷம் மட்டும்தான், அந்தப் பத்து நிமிஷம் நிஜமாகவே வலிக்காது. கடைசி நாளன்று தோல் சுமாராக இருந்தால் "நல்லா தாங்கிட்டீங்கம்மா" என்று சிரித்து அனுப்பி வைப்போம். தோல் உச்சத்துக்கு வருவது அதற்கப்புறம் ஒன்று, இரண்டு வாரத்தில். அப்போது அவர்கள் வீட்டில் இருப்பார்கள், எங்கள் மேஜையில் வேறு ஒருத்தர் இருப்பார். புத்தகத்தில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஒருத்தரிடமும் "முடிஞ்சப்புறம்தான் கூடும்" என்று வாயால் சொன்னதாக நினைவில்லை. உனக்கும் சொல்லவில்லை. மற்றவர்களுக்குச் சொன்னதையே உனக்கும் சொன்னேன். எரிய ஆரம்பித்த அன்று அப்பா பொய் சொல்லிவிட்டார் என்று நீ நினைத்திருப்பாய். அன்றிலிருந்துதான் நீ பேசுவதில்லை என்று அம்மா சொல்கிறாள்.

அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசி நாளுக்குப் பிறகு இரண்டு வாரம் வரை கூடும். 4 முதல் 6 வாரத்தில் ஆறும். கறுப்பு மங்க மாதக்கணக்காகும். மார்பு கனமாக, வீங்கினாற்போல இருக்கும், சில சமயம் ஊசி குத்தினாற்போல ஒரு சுரீர் வந்துபோகும், அது பல மாதம் வரை. கைப்பயிற்சியை நிறுத்திவிட்டால் தோள் இறுகிப்போகும், முடிந்த பிறகும் தினம் செய். கை வீங்கினாலோ மோதிரம் இறுகினாலோ சீக்கிரம் காட்டு. இன்னொன்று, முடிந்து ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமல், மூச்சிரைப்பு வந்தால் சளி என்று விடாதே, கதிர் பட்ட நுரையீரல் ஓரத்தில் அழற்சியாக இருக்கலாம். பலருக்கு வருவதில்லை. வந்தால் மருந்து உண்டு. எந்த டாக்டரிடம் போனாலும் கரண்டு வைத்ததைச் சொல்லு.

அம்மா உனக்கு நாலு பனியன் தைத்துக்கொண்டிருக்கிறாள். கம்பி, எலாஸ்டிக் எதுவும் இல்லை, தையல் எல்லாம் வெளிப்பக்கம். உள்ளே வெளியே திரும்பிப்போச்சு என்று நினைத்துப் புரட்டிப் போட்டுக்கொள்ளாதே.

போனில் பேச வேண்டாம். இன்று முடிந்து வந்ததும் எண்ணை மட்டும் மெசேஜில் போடு. 10 என்று. நாளைக்கு 11.

அப்பா