மாஸ் கெய்னர் டப்பாவ திருப்பி படிங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் விளையாட்டு வீரர்களோட சத்து பவுடர் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். புரோட்டீன் பத்தி நல்லாவே எழுதியிருந்தாங்க, ஆனா எங்க ஊர்ப்பக்கம் ஒல்லியா இருக்குற பசங்க முதல்ல போய் வாங்குறது எடை கூட்டுற மாஸ் கெய்னர் பவுடர்தான், அதப் பத்தி ஒரு வரிகூட இல்ல.

நான் திண்டுக்கல்ல ஜிம் டிரெய்னரா இருக்கேன். காலேஜ் படிக்கிற தம்பி ஒருத்தன் பெரிய டப்பாவ தூக்கிட்டு வந்து, "அண்ணே, இத எத்தன ஸ்கூப் போடணும்"னு கேட்டான். வாங்கி பின்னாடி திருப்பிப் பாத்தா முதல் பேரே மால்டோடெக்ஸ்ட்ரின். எதோட எடை அதிகமோ அதத்தான் லேபிள்ல முதல்ல போடணும், அதான் சட்டம். 100 கிராம் பவுடர்ல கார்போ, அதாவது மாவுச்சத்து, 75 கிராம் கிட்ட, புரோட்டீன் வெறும் 15. இந்த மால்டோடெக்ஸ்ட்ரின் மக்காச்சோளம் மாதிரி தானியத்துல இருக்குற ஸ்டார்ச்ச உடைச்சு எடுக்குறது, நாக்குல பெருசா இனிக்காது, ஆனா ரத்தத்துல சர்க்கரைய கிட்டத்தட்ட குளுக்கோஸ் வேகத்துக்கே ஏத்தும். அவங்க அப்பாவுக்கு சுகர் இருக்குன்னு வேற சொன்னான், எனக்கு மனசே கேக்கல.

கார்போ பவுடரே வேணாம்னு நான் சொல்லல. மாரத்தான் ஓடுறவங்களுக்கும் மணிக்கணக்கா சைக்கிள் மிதிக்கிறவங்களுக்கும் அது நெஜமாவே தேவை, ஏன்னா தசையிலயும் ஈரல்லயும் சேந்திருக்குற கிளைக்கோஜன், அதாவது ஒடம்பு சேமிச்சு வெக்கிற கார்போ, மொத்தமே 500 கிராம் சொச்சம்தான், ரெண்டு மணி நேரம் விடாம ஓடினா தீர ஆரம்பிச்சிடும். அதனாலதான் ஓடும்போது மணிக்கு 30லேர்ந்து 60 கிராம் வரைக்கும் கார்போ எடுக்கச் சொல்றாங்க, ரெண்டரை மணி நேரம் தாண்டினா 90 கிராம் வரைக்கும் போகலாம், ஆனா அத குளுக்கோஸும் பழத்துல இருக்குற சர்க்கரையான ஃப்ரக்டோஸும் கலந்துதான் எடுக்கணும். குடல்ல ரெண்டுக்கும் தனித்தனி வழி, குளுக்கோஸ் மட்டும் அவ்வளவு குடிச்சா உறிஞ்ச முடியாம வயிறு கடமுடான்னு ஆயிடும்.

ஒரு மணி நேரம் டம்பெல் தூக்குற பையனுக்கு இதுல எதுவுமே தேவையில்ல, மதியம் சாப்பிட்ட சாதமே போதும். ஒர்க்கவுட் முடிஞ்ச கையோட டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் பவுடர், குடிச்சா இன்சுலின் ஏறி மசில் வரும்னு கடையில சொல்லி விக்கிறாங்க, புரோட்டீன் போதுமான அளவு சாப்பிடுறவங்களுக்கு அதுமேல கார்போ சேத்தா மசில் கூடுதலா ஏறுறதா ஆராய்ச்சிகள்ல தெரியல. எடை கூடும், வாஸ்தவம்தான், அதுல ஒரு பங்கு தொப்பையா வந்து நிக்கும். காலையில ஒரு மேட்ச் சாயங்காலம் ஒரு மேட்ச்னு ஆடுற கபடி பசங்களுக்கு நடுவுல சட்டுனு கார்போ ஏத்தணும், அதுக்குக்கூட வாழைப்பழமும் தயிர்சாதமும் தாராளமா போதும். அந்த டப்பா காசுக்கு மாசம் முழுக்க முட்டையும் கடலையும் பாலும் வாங்கிடலாம்ங்க.

அடுத்த வாரமே விளையாட்டு விடுதி பசங்களுக்கு சாப்பாடு போடுற ஒரு டயட்டீஷியன்கிட்ட பேசி, டப்பா லேபிள எப்படி படிக்கிறதுன்னு படம் போட்டு அரைப்பக்கமாவது வெளியிடுங்க. எங்க ஜிம் சுவத்துல கண்டிப்பா ஒட்டி வெக்கிறேன்.

இப்படிக்கு,
ஜிம் டிரெய்னர், திண்டுக்கல்