அம்மாவுக்கு வருத்தம் எண்டு எழுத ஒரு லீவு தாங்க

பொது நிர்வாக அமைச்சின்ட செயலாளர் அவர்களுக்கும், அரசாங்க ஊழியர் சங்கங்கள்ல இருக்கிற எல்லாருக்கும்,

வணக்கம். நான் திருகோணமலை மாவட்டத்தில ஒரு பிரதேச செயலகத்தில அபிவிருத்தி உத்தியோகத்தரா வேலை செய்யிறன். எந்தச் செயலகம் எண்டு சொல்லத் தேவையில்ல, இது ஒரு கந்தோர்ட பிரச்சினை இல்ல, நாங்க எல்லாரும் நிரப்பிக் குடுக்கிற லீவு போம்ல இருக்கிற பிரச்சினை.

போன வருசம் அம்மாட மார்பில கட்டி எண்டு கண்டுபிடிச்சாங்க. டெஸ்டுகள், ஒப்பரேசன், பிறகு மருந்து ஏத்துறது, அதுக்கெல்லாம் ஒருநாள் ரெண்டு நாளா என்ட அமைய லீவு, அதுதான் திடீர்த் தேவைக்கு எடுக்கிற கசுவல் லீவு, கரைஞ்சு போயிற்று. அதெல்லாம் முடியத்தான் கரண்ட் பிடிக்கோணும், அதுதான் கதிர்வீச்சுச் சிகிச்சை, எண்டு மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. 25 தரம். கிழமைக்கு 5 நாள் படி 5 கிழமை. அப்பா இல்ல, அண்ணா கனடாவில, காசு அனுப்பினார், அவரில ஒரு குறையும் சொல்லமாட்டன், ஆனா இரவு ரயில்ல அம்மாவ ஏத்தி, விடியக் கொழும்பு கோட்டை ஸ்டேசன்ல இறக்கி, 138 பஸ்ஸில இடம் பிடிச்சு இருத்தி, வாந்தி வந்தா பையப் பிடிக்கிறதுக்குப் பக்கத்தில ஒரு ஆள் வேணும், அது நான்தான்.

எங்களுக்கு வருசத்துக்கு லீவு 45 நாள். அமைய லீவு 21, ஓய்வு லீவு 24. அம்மாவுக்குக் கரண்ட் 25 நாள், என்னட்ட மிஞ்சியிருந்தது ஓய்வு லீவு மட்டும்தான், அந்த 24லயும் முதலே கொஞ்சம் எடுத்திட்டன். சித்தி வந்து ஒரு கிழமை நிண்டா. மிச்சத்துக்கு 4 நாள் நோ பே. அதுக்கு முதல் ஒருதரம், சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, எனக்குக் காய்ச்சல் எண்டு எழுதிக் குடுத்தனான். அண்டைக்கு நான் நல்ல சுகமா வார்டுக்கு வெளிய வாங்கில இருந்து அம்மாட பெயரைக் கூப்பிடுவாங்களோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்.

இதைத்தான் உங்களிட்டக் கேக்க வந்தனான். அரசாங்க ஊழியர்ட வேலை விதியெல்லாம் இருக்கிற தாபன விதிக்கோவைக்கு எனக்கு வருத்தம் வந்தா விளங்குது, எனக்குப் பிள்ளை பிறந்தா விளங்குது. பிரசவ லீவு முழுச் சம்பளத்தோட 84 வேலை நாள், சனி ஞாயிறு கழிச்சுப் பாத்தா கிட்டத்தட்ட 4 மாசம், அதுக்குப் பிறகு அரைச் சம்பளத்தில 84, சம்பளம் இல்லாம இன்னொரு 84. அது நல்ல சட்டம், அதால எத்தினை பிள்ளையள் தாய்ப்பால் குடிச்சு வளந்திருக்குது எண்டு எங்கட கந்தோர்லயே காட்டுவன். ஆனா என்ட அம்மாவுக்கு வருத்தம் எண்டா அதுக்கு எண்டு ஒரு பெயரில லீவு கிடையாது. பெயர் இல்லாததால பொய் சொல்ல வேண்டி வருது. எங்கட பகுதியில தாய்க்கு, மாமியாருக்கு, ஆஸ்துமாக்காரப் பிள்ளைக்கு எண்டு லீவு எடுத்த எல்லாரும் 'வயித்தோட்டம்', 'தலைச்சுத்து' எண்டு தங்கட உடம்பிலதான் எழுதியிருக்கினம். நேர்மையான ஆக்கள், ஒரு ரூபா அரசாங்கக் காசில கை வைக்காத ஆக்கள்.

பொய் சொல்லுறதால வார நட்டத்தையும் யோசிங்க. அம்மாட கரண்ட் திகதி எனக்கு ஒரு மாசத்துக்கு முதலே தெரியும். உள்ளதைச் சொல்லி லீவு எடுக்க ஏலுமெண்டா என்ட மேசையை ஆருக்குக் குடுக்கிறது எண்டு அப்பவே ஒழுங்கு பண்ணலாம். காய்ச்சல் எண்டு எழுதினா அண்டைக்குக் காலமதான் சொல்ல ஏலும். அப்ப தூரத்துக் கிராமத்தில இருந்து கூலி வேலைய விட்டுட்டு, பஸ்ஸுக்குக் காசு குடுத்து கந்தோருக்கு வார ஆள், 'மிஸ் இண்டைக்கு வரல்ல, நாளைக்கு வாங்க' எண்டு கேட்டுட்டுத் திரும்பிப் போறார். அந்த மனுசன்ட ஒருநாள் கூலி எந்தக் கணக்கிலயும் வராது.

ஆம்பிளைகளுக்கு மனைவி பிள்ளை பெத்தா 3 நாள். மூதூர்ல இருந்து ஒரு பொம்பிளையைச் சிசேரியனுக்கு டவுனுக்குக் கொண்டுவந்தா, அவ வீட்ட போறதுக்கு முதலே புருசன்ட லீவு முடிஞ்சிரும், பச்சை உடம்புக்காரி தண்ணி எடுத்துக் குடுக்கவும் ஆள் இல்லாமக் கிடக்கோணும். இந்தியாவில மத்திய அரசு ஊழியருக்கு இது 15 நாள். அங்க தாய்மாருக்குப் பிள்ளைப் பராமரிப்பு எண்டே தனியா, வேலைக்காலம் முழுக்க 730 நாள் வரைக்கும் இருக்கு. தமிழ்நாடு 2021ல பிரசவ லீவை 12 மாசமாக்கிச்சு. அமெரிக்காவிலயும் மத்திய அரசு ஊழியருக்குப் பிள்ளை பிறந்தா 12 கிழமை சம்பளத்தோட எண்டு 2020 ஒக்டோபர்லதான் வந்தது, ஆனா தாய் தகப்பன் வருத்தத்துக்கு அங்க 1993ல வந்த சட்டம் 12 கிழமை குடுத்தாலும் சம்பளம் குடுக்கச் சொல்லல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2019ல வருத்தக்காரரைப் பாக்கிறதுக்கு எண்டு வருசத்துக்கு 5 நாளாவது குடுக்கோணும் எண்டு எழுதிச்சு. ஆக எல்லா இடத்திலயும் பேசப்படுற விசயம்தான், எங்கட போம்லதான் ஒரு கோடும் இல்ல.

இஞ்ச கிழவன் கிழவியள் கூடிக்கொண்டு வாறாங்க. 2012 கணக்கெடுப்பிலயே 60 வயசுக்கு மேல 12.4 வீதம். பிள்ளையள் கனபேர் வெளிநாடு. திருகோணமலையில வேலை செய்யிற எத்தினையோ பேர்ட தாய் தகப்பன் மட்டக்களப்பிலயும் அம்பாறையிலயும் யாழ்ப்பாணத்திலயும் இருக்கினம், வெள்ளி பின்னேரம் பஸ் ஏறி ஞாயிறு இரவு திரும்புறவங்களுக்கு ஒரு கிளினிக் நாள் எண்டா ரெண்டு நாள் லீவு.

நான் கேக்கிறது பெரிசு இல்ல. குடும்பப் பராமரிப்பு லீவு எண்டு பெயர் சொல்லி, இருக்கிற 45க்கு வெளிய, முழுச் சம்பளத்தோட வருசத்துக்கு 10 நாள். புற்றுநோய், டயாலிசிஸ், பாரிசவாதம் மாதிரி நீண்ட வருத்தம் எண்டா அதுக்கு மேல அரைச் சம்பளத்தில 30 நாள். தகப்பனுக்கு 3ஐ 15 ஆக்குங்க. ஆராவது ஏமாத்துவாங்க எண்டு பயமெண்டா கிளினிக் கொப்பியக் கேளுங்க, அதில டொக்டர்ட கையெழுத்தும் சீலும் திகதியும் இருக்கு, அதுக்கு மேல ஒரு சாட்சி தேவையில்ல. அரசாங்கத்திட்டக் காசு இல்ல எண்டு எனக்கும் தெரியும், சம்பள நாள்ல எங்களுக்கும் அது தெரியுது. ஆனா இந்த நாளுகளுக்கு இப்பவும் காசு போகுதுதான், பொய்க் காய்ச்சல்ட பெயரில போகுது.

சங்கத் தலைவர்மாரே, சம்பள உயர்வுக்கு றோட்டில நிக்கிறீங்க, நாங்களும் வந்து நிண்டம். அடுத்த தரம் கோரிக்கைப் பட்டியல்ல இதையும் போடுங்க. ஆம்பிளைகளுக்கும் சேத்துப் போடுங்க, இல்லாட்டி வருத்தம் பாக்கிறது மகள்ட வேலை, மருமகள்ட வேலை எண்டு இன்னும் இறுகிப் போகும்.

அம்மா இப்ப பரவாயில்ல, நடக்கிறா, கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போட்டும் வந்தா. வார மாசம் மகரகமவில திரும்பக் கிளினிக். லீவு போம்ல காரணம் எண்ட இடத்தில இந்தத் தரம் 'தாயாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக' எண்டு எழுதிக் குடுக்கப்போறன். அதை என்ன கணக்கில வெட்டுறது எண்டு எங்கட நிர்வாக உத்தியோகத்தருக்குத் தெரியாது, நீங்க சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு அபிவிருத்தி உத்தியோகத்தர்,
திருகோணமலை