உன் தங்கை ஜேர்மனிக்குப் புறப்படுமுன்

கிளிநொச்சி.

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற கிழமை கிடைத்தது. தங்கைக்கு ஜேர்மனியின் டோர்ட்முண்ட் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கும் செய்தியை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் தொடங்கிய காலத்தில், அந்தக் கட்டடங்களை வீதியில் நின்று பார்த்து, எங்கள் பிள்ளைகளும் இதற்குள் போவார்களா என்று நீயும் நானும் பேசிக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. அவள் அதற்குள் போய்ப் படித்து முடித்து, இப்போது அங்கிருந்து அப்பாலும் போகிறாள். இதைவிட மகிழ்ச்சியான செய்தி இந்த வருடம் எனக்கு வரவில்லை.

ஆனாலும் உன் கடிதத்தின் கடைசிப் பக்கம்தான் என்னை உடனே எழுத வைத்தது. ஜேர்மனியில் குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 13.90 யூரோ, கிழமைக்கு 20 மணித்தியாலம் மாணவர்கள் வேலை செய்யலாம், ஆகவே மாதம் 1,000 யூரோவுக்கு மேல் வரும், அதில் பாதியை அனுப்பினாலே அடுத்த காலபோக அறுவடைக்குள் காணி ஈட்டை மீட்டுவிடலாம் என்று மாமா கணக்குச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவர் சொன்ன எண்களில் பிழையில்லை. ஆனால் அந்தக் காசு எங்கே போகும், அந்த மணித்தியாலங்கள் எங்கிருந்து வரும் என்பவற்றை, அதே நகரில் படித்துவிட்டு வந்தவன் என்ற முறையில் நான்தான் உனக்குச் சொல்லவேண்டும்.

மாமாவைக் குறை கூற முடியாது. வன்னியில் வெளிநாடு என்றால் உழைப்பு என்றுதான் நாம் அறிந்து வளர்ந்தோம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஏதிலிகளாகப் போனவர்கள் கோப்பை கழுவி அனுப்பிய காசில் எத்தனையோ வீடுகளுக்குக் கூரை ஏறியது. 2009 க்குப் பிறகு வெறுங்கையோடு மீளக்குடியேறிய குடும்பங்கள் பல, கிணறு துப்புரவாக்கியதும் முதல் விதைநெல் வாங்கியதும் அப்படி வந்த காசில்தான். ஆகவே விமானம் ஏறிய எவரும் மறுமாதமே அனுப்பத் தொடங்குவார் என்ற எண்ணம் எங்கள் ஊர்களில் வேரூன்றிவிட்டது. படிக்கப் போகிறவளின் நிலை வேறு.

வீசாவுக்காக 11,904 யூரோவைப் பூட்டிய கணக்கில் வைப்பிலிடுவதற்குத்தானே காணியை ஈடு வைத்தீர்கள், அம்மாவின் நகைகளையும் அடகு வைத்தீர்கள். எங்கள் காசில் 40 இலட்சம் ரூபா அளவில் வரும் அந்தப் பணத்திலிருந்து அவள் மாதம் 992 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. மாணவர் விடுதியில் அறை கிடைத்தால் வாடகைக்கு 300 யூரோ அளவில் போகும். வெளியில் என்றால் 400, 500 என்று ஏறும். மருத்துவக் காப்புறுதி கட்டாயம், அதற்கு மாதம் 140 யூரோவுக்கு மேல். வீட்டில் தொலைக்காட்சி இல்லாவிட்டாலும் ஒளிபரப்புக் கட்டணம் என்று வீடொன்றுக்கு மாதம் 18.36 யூரோ கட்டவேண்டும். டோர்ட்முண்ட் இருக்கும் மாநிலத்தின் அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லாதது பெரிய ஆறுதல். ஆனால் ஒவ்வோர் அரையாண்டுக்கும் 300 யூரோ அளவில் கட்டும் தொகை ஒன்று உண்டு, பஸ்ஸுக்கும் ரயிலுக்குமான பயணச்சீட்டு அதற்குள் அடங்கிவிடும். இவை போக மிஞ்சுவதில்தான் சாப்பாடு, தொலைபேசி, குளிருக்குத் தேவையான உடுப்பு எல்லாம்.

இன்னொன்றையும் மாமா கணக்கில் சேர்க்கவில்லை. பூட்டிய பணம் ஒரு வருடத்துக்கே போதும். படிப்போ இரண்டு வருடம். வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போது, அடுத்த காலத்துக்கும் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டவேண்டும். ஆகவே அவள் வேலை செய்து பெறும் ஒவ்வொரு யூரோவும் அவளுடைய இரண்டாவது வருடத்துச் சோறும் வாடகையும்தான். அந்த வேலையும் போனவுடன் கிடைப்பதில்லை. டொச்சு என்னும் ஜேர்மன் மொழி ஓரளவு பேச வராதவர்களுக்கு முதல் மாதங்களில் கிடைப்பது, பொதி தரம்பிரிக்கும் களஞ்சியங்களில் இரவு வேலை போன்றவைதான்.

இனி மணித்தியாலங்களைப் பற்றிச் சொல்கிறேன். முதுமாணிப் பட்டத்துக்கு 120 படிப்புப் புள்ளிகள் சேர்க்கவேண்டும், அரையாண்டுக்கு 30. ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணித்தியாலம் படிக்கவேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. அப்படியென்றால் ஓர் அரையாண்டுக்குள் 750 மணித்தியாலத்துக்குக் குறையாமல் படிப்புக்கே வேண்டும். விரிவுரைக்கு வரவு எடுப்பது பெரும்பாலும் இல்லை. இரண்டு கிழமை போகாவிட்டாலும் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். எல்லாம் பருவ முடிவில் வரும் ஒரே பரீட்சையில் தெரியும். ஒரு பாடத்தில் மூன்று முறை தவறினால் அந்தப் படிப்பையே விட்டு விலக நேரிடும் என்பதுதான் அங்கே பொதுவான நடைமுறை. இந்தச் சுதந்திரம், மணியடித்தால் எழும்பி மணியடித்தால் உட்கார்ந்து பழகிய எங்களுக்கு மிகவும் ஆபத்தானது என்று நான் நினைக்கிறேன். முதல் கிழமையிலிருந்தே சேர்ந்து படிக்க இரண்டு மூன்று பேரைத் தேடிக்கொள்ளும்படி அவளிடம் சொல்லு.

நாள் எப்படிப் போகும் என்று கேட்டிருந்தாய். காலையில் எழும்பி, முதல் நாள் சமைத்ததில் ஒரு பங்கைப் பெட்டியில் போட்டுக்கொண்டு புறப்படவேண்டும். வடக்கு வளாகத்துக்கும் தெற்கு வளாகத்துக்கும் இடையில், தலைக்கு மேலே தண்டவாளத்தில் தொங்கியபடி ஓடும் சிறிய ரயில் ஒன்று 1984 முதல் இருக்கிறது. அதில் ஏறிப் போவது முதல் சில நாட்கள் அவளுக்குப் புதினமாக இருக்கும். மத்தியானம் மென்சா என்னும் மாணவர் உணவகத்தில் குறைந்த விலைக்குச் சாப்பாடு உண்டு. மாலையில் நூலகம். இரவு விடுதிக்குத் திரும்பினால் பொதுச் சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியின் ஒரு தட்டு மட்டும்தான் அவளுக்குச் சொந்தம். அங்கே மிளகாயை வறுத்துவிட்டால் கூரையில் இருக்கும் புகைக் கருவி கத்தத் தொடங்கும். மாடி முழுவதும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும். ஆகவே வறுத்துத் திரித்த தூளை இங்கிருந்தே கொடுத்துவிடுங்கள். முடிந்தால் ஜன்னலைத் திறந்து வைத்துத் தாளிக்கச் சொல்லு. மார்கழிக் குளிரில் அதுவும் சிரமம்தான்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு. அதனால் சனிக்கிழமை பின்னேரம் எல்லா மாணவர்களையும் கடையில் காணலாம். வெறும் பிளாஸ்டிக் போத்தல்களைச் சேர்த்து வைத்து, கடை வாசலில் உள்ள இயந்திரத்தின் வட்டத் துவாரத்துக்குள் ஒவ்வொன்றாக விட்டால், ஒன்றுக்கு 25 சதம் என்று கணக்கிட்டுத் துண்டு ஒன்று தரும். அதைக் காசாளரிடம் கொடுத்தால் பில்லில் கழிப்பார்கள். மாதக் கடைசியில் அந்தத் துண்டுக்குப் பாலும் பாணும் வாங்கிய மாணவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன்.

குளிரைவிட இருட்டுத்தான் அவளை வருத்தும் என்று அஞ்சுகிறேன். மார்கழியில் காலை 8:30 அளவில்தான் சூரியன் உதிக்கும். பின்னேரம் 4:30 அளவிலேயே மறைந்துவிடும். வெயிலிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கிழமைகள் மனத்தைச் சோர வைக்கும். அப்போது அறைக்குள் அடைந்திருக்காமல் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போய்வரச் சொல்லு. 2002 இல் குடமுழுக்குக் கண்ட பெரிய கோயில் அது, ரயிலில் அதிக தூரமில்லை. அந்த வட்டாரத்தில் எங்கள் ஆட்களின் கடைகளும் இருக்கின்றன. முருங்கைக்காயும் அரிசிமாவும் கிடைக்கும்.

நான் அங்கிருந்தபோது முல்லைத்தீவுப் பக்கத்துத் தம்பி ஒருவன் எங்கள் விடுதியில் இருந்தான். கெட்டிக்காரன். வீட்டில் வட்டிக்கு எடுத்த காசு ஏறுகிறது என்று ஒவ்வொரு கிழமையும் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, அவன் களஞ்சியமொன்றில் இரவு வேலைக்குப் போனான். விடியப்புறம் வந்து சப்பாத்தோடு கட்டிலில் சாய்ந்துவிடுவான்; காலை விரிவுரை போய்விடும். மாதாமாதம் ஊருக்குக் காசு போனது, அவனோ ஒரே பாடத்தில் இரண்டு முறை தவறினான். மூன்றாவது முறைக்கு முன் கனடாவிலிருந்த அவனுடைய சித்தி கடனைத் தன்மேல் எடுத்துக்கொண்டதால்தான் அவன் வேலையை விட்டுப் படித்து அந்தப் பாடத்தில் சித்தியடைந்தான். அந்த இரண்டு வருடமும் அவன் வீட்டில் யாரும் கெட்டவர்களாக இருக்கவில்லை. அவனுடைய நாள் எப்படிப் போகிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தொலைபேசி எடுக்கும்போதும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் எங்களுக்கும் அவர்களுக்கும் நாலரை மணித்தியால வித்தியாசம், கோடையில் மூன்றரை. இங்கே இரவுச் சாப்பாடு முடிந்து அம்மா பேச விரும்பும் நேரம் அவளுக்கு வகுப்போ ஆய்வுகூடமோ இருக்கும் பின்னேரம். ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாகப் பேசலாம். பேசும்போது கோழி, ஆடு, கோயில், ஊரில் நடந்த கலியாணம் எல்லாம் சொல்லுங்கள், அவளுக்கு அவைதான் வேண்டும். ஈட்டைப் பற்றியும் வட்டியைப் பற்றியும் அவளோடு பேசவேண்டாம். அவளாகக் கேட்டாலும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று மட்டும் சொல்லுங்கள்.

வருகிற சனிக்கிழமை பரந்தனுக்கு வருகிறேன். மாமாவையும் வீட்டில் நிற்கச் சொல்லு. நானே அவருக்கு விளக்கிச் சொல்கிறேன், என் சொல்லை அவர் தட்டமாட்டார். காணி ஈட்டின் எழுத்தையும் அடகுச் சீட்டுகளையும் எடுத்து வை. இரண்டு வருடத்துக்கு வட்டியை மட்டும் தவறாமல் கட்டிவருவதற்கு வழி என்ன என்று எல்லோருமாக இருந்து பார்ப்போம். எனக்கு ஆவணியில் சீட்டுக்காசு வரும். முதல் ஆறு மாத வட்டியை அதிலிருந்து நான் கட்டுகிறேன். மறுக்காதே. இடம்பெயர்ந்து நின்ற காலத்தில் உன் வீட்டார் எங்களுக்குச் செய்ததை நான் எண்ணிப் பார்க்கையில் இது பெரிய காரியமல்ல. தங்கைக்கு இந்த ஏற்பாடு தெரியவேண்டாம்.

அம்மாவுக்கும் மாமாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லு.

இப்படிக்கு,
உன் அன்பு நண்பன்.