மணப்பெண் பேக்கேஜ் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்கின் கிளினிக், பியூட்டி பார்லர் நடத்துபவர்களுக்கு வணக்கம்.

மணப்பெண்களுக்கு மேக்கப் போடுவது என் தொழில். நீங்கள் பீலும் (அமிலம் பூசித் தோலின் மேலடுக்கை உரிக்கும் சிகிச்சை) லேசரும் செய்து அனுப்பும் முகங்கள் கடைசியில் என் கைக்குத்தான் வருகின்றன. அந்த உரிமையில் கேட்கிறேன்: முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது செய்யும் பீலை உங்கள் பேக்கேஜிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கிளைகாலிக், சாலிசிலிக் என்று மேலோட்டமான பீல் போட்டால்கூட இரண்டு மூன்று நாளில் தோல் உரிய ஆரம்பிக்கும். அடங்க ஒரு வாரம் ஆகலாம். உரியும் தோலில் எந்த ஃபவுண்டேஷனும் ஒழுங்காக உட்காராது. அது என் கவலை, சமாளித்துக்கொள்வேன். பெண்ணுக்கு வருவது அதைவிடப் பெரியது. தோலை வெளுப்பிலிருந்து கருப்பு வரை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் நம் ஊர்த் தோல் பெரும்பாலும் 4, 5-ஆம் வகை. அது புண்பட்டு ஆறினால் அந்த இடம் கருத்துவிடும். கருப்பு மறைய மாதக்கணக்கில் ஆகும். வெளுக்க வந்தவள் திட்டுத்திட்டான முகத்தோடு மணவறையில் உட்காருவாள். (வெளுக்கவேண்டும் என்ற ஆசையைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம்.) கடைசி பீல் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பாவது முடிந்திருக்கட்டும்.

அப்புறம் நலங்கு. கல்யாணத் தேதியைக் கேட்கும் நீங்கள் நலங்கு என்றைக்கு என்று கேட்டதுண்டா? உரிந்துகொண்டிருக்கும் முகத்தில் அத்தையும் சித்தியும் மாறி மாறி மஞ்சளும் சந்தனமும் பூசுவார்கள், நலங்கு மாவு போட்டுத் தேய்ப்பார்கள். எரிகிறது என்றால், "சடங்குதானே, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்பார்கள். அதே வாரத்தில்தான் த்ரெடிங், ப்ளீச், மதிய வெயிலில் ஸ்கூட்டியில் தையல்காரரிடம் நடை எல்லாம்.

முதல் நாளே அவள் என்ன க்ரீம் போடுகிறாள் என்று கேளுங்கள். பருவுக்குப் பூசும் ட்ரெட்டினாயின் போன்றவற்றைப் பீலுக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தவேண்டும். ஸ்டீராய்டு கலந்த க்ரீமை முகப்பூச்சாக மருந்துக்கடையில் வாங்கிப் போடுகிறவர்கள் ஏராளம். மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை விற்கக்கூடாது, ஆனாலும் கிடைக்கிறது. அதில் மெலிந்துபோன தோலில் அமிலம் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். உதட்டோரம் அடிக்கடி அக்கி வருமா, பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறாளா என்பதும் மருத்துவர் காதுக்குப் போகவேண்டும்.

முடி நீக்கும் லேசர் என்றால் அதற்கு முந்தைய நான்கு வாரத்துக்கு வாக்ஸிங்கும் த்ரெடிங்கும் கூடாது, ஷேவிங் மட்டும்தான். வேரில் முடி இருந்தால்தானே லேசருக்கு வேலை? மாநிறத்துக்கும் கருப்புக்கும் 1064 நானோமீட்டர் அலை நீளமுள்ள என்டி-யாக் லேசர்தான் பொதுவாகப் பாதுகாப்பானது. அலை நீளம் கூடக்கூட மேல்தோலின் நிறமி அதை உறிஞ்சுவது குறையும். எந்த மெஷினாக இருந்தாலும், காதோரம் சின்னதாக ஒரு பேட்ச் டெஸ்ட் செய்து சில நாள் பார்த்துவிட்டு முழு முகத்தைத் தொடுங்கள்.

கையெழுத்து வாங்கும் படிவத்தை ஆங்கிலத்தில் நீட்டுகிறீர்கள், சரி. வீட்டுக்குக் கொடுத்தனுப்ப, தமிழில் ஒரே ஒரு தாள் அச்சடியுங்கள். உரியும் தோலைக் கையால் பிய்க்காதே. ஸ்க்ரப், ஆவி, எலுமிச்சை வேண்டாம். சாதாரண மாய்ஸ்சரைசர் போதும். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசு, அயர்ன் ஆக்சைடு என்ற நிறமி கலந்த டின்ட் வகை இன்னும் நல்லது. அத்தைகள் படிப்பதற்காக நலங்கு பற்றியும் ஒரு வரி.

கீழே, ராத்திரி கொப்புளம் வந்தால் கூப்பிட ஒரு தோல் மருத்துவரின் எண்ணைப் போடுங்கள். ரிசப்ஷன் எண் வேண்டாம், எட்டு மணிக்கு மேல் அதை யாரும் எடுப்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு மணப்பெண் அலங்காரக் கலைஞர்