பட்டன் தட்டியவர்களும் வாசித்தவர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இசைப் பக்கத்தில் டாஃப்ட் பங்க் என்ற எலக்ட்ரானிக் இசை இரட்டையரின் ‘ரேண்டம் ஆக்சஸ் மெமரிஸ்’ ஆல்பத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். நன்றி. ஒதுக்காமலே விட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நன்றி சொல்லியிருப்பேன். “ஹெல்மெட் மாட்டிய இரண்டு பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டன் தட்டியே கிராமி வாங்கிவிட்டார்கள்” என்று எழுதுகிறார் உங்கள் கட்டுரையாளர். படத்துக்குக் கீழே ‘அமெரிக்க இரட்டையர்’ என்று வேறு போட்டிருக்கிறது. பாரிஸ்காரர்கள் ஐயா அவர்கள்.

தங்களுக்குத் தெரியாததா? 1997ல் வந்த முதல் ஆல்பமான ‘ஹோம்வொர்க்’ இருவரில் ஒருவரான தாமஸ் பங்கால்டரின் படுக்கையறையில் மெஷின்களை வைத்துச் செய்தது. அதைப் பற்றி இப்படி எழுதியிருந்தால் சரி, ஏதோ எழுதிவிட்டார் என்று பக்கத்தைப் புரட்டியிருப்பேன். 2013ல் வந்த இந்த ஆல்பத்தைப் போய்ச் சொல்லலாமா? டிரம்ஸ் வாசித்தவர்கள் ஓமர் ஹக்கீமும் ஜான் ராபின்சனும். மைக்கேல் ஜாக்சனின் ‘ஆஃப் தி வால்’ ஆல்பத்தில் வாசித்த அதே ராபின்சன். பேஸ் கிடாரில் நேதன் ஈஸ்ட். கிடாரில் பால் ஜாக்சன் ஜூனியர், ‘ஷீக்’ என்ற டிஸ்கோ குழுவின் நைல் ராட்ஜர்ஸ். பழைய ரெக்கார்டுகளிலிருந்து துண்டு வெட்டி ஒட்டுவதில் பேர் வாங்கிய இருவர், இந்த முறை அதைக் கடைசிப் பாட்டில் மட்டும் வைத்துக்கொண்டு, ஆட்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். 2008ல் தொடங்கிய வேலை 2012 வரை இழுத்தது.

டிஸ்கோ இசையமைப்பாளர் ஜியார்ஜியோ மொரோடர் பேசும் ஒன்பது நிமிடப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மனிதர் தன் கதையைச் சொல்கிறார், அவ்வளவுதான். அதற்கு வெவ்வேறு காலத்து மைக்குகள் மூன்றை எதிரே வைத்தார்களாம், அவர் பேசும் ஒவ்வொரு காலத்துக்கும் ஒன்று. இந்த வித்தியாசம் யாருக்குக் கேட்கும் என்று அவர் கேட்டதற்கு, தாமஸுக்குக் கேட்கும் என்று பதில் வந்திருக்கிறது. அப்புறம் அந்தப் பாட்டின் பின்பாதியில் ஹக்கீமின் டிரம்ஸ் எகிறுகிறதே, அது எந்தப் பட்டனில் வரும் என்று கட்டுரையாளரைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள். 2023ல் டிரம்ஸை மட்டும் எடுத்துவிட்டு அதே ஆல்பத்தை மறுபடி வெளியிட்டார்கள். அதைக் கேட்டாலே எது காணாமல் போயிற்று என்று அவருக்கு உறைக்கும்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று நினைப்பீர்கள். நான் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். ஒரு கோயில் திருவிழாவில் விடிய விடிய வாசித்து முடித்துச் சம்பளத்துக்கு நின்றால், “உனக்கென்னப்பா, பட்டனை அமுக்கினா அதுவா பாடுது” என்று பொறுப்பாளர் பாதியைப் பிடித்துக்கொண்டார். பிறகு ரிதம் பேட் வந்தது. தபேலாக்காரர், டோலக்காரர், டிரம்ஸ்காரர் மூவர் இடத்திலும் ஒரே பையன் இரண்டு குச்சியோடு நின்றான். தபேலா வாசித்த அண்ணன் வேனில் எனக்குப் பக்கத்து சீட்டுக்காரர். விரல் நுனியெல்லாம் காய்ப்புக் காய்ச்சிக் கிடக்கும். கடைசியில் அந்தக் கையோடு ஜவுளிக்கடையில் துணி மடிக்கப் போனார். மெஷின் வந்தால் ஆள் போவான் என்று கண்ணால் பார்த்தவன் நான். மெஷினால் பிழைத்த இரண்டு பேர் காசைக் கொட்டி ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த ஆட்களை உங்கள் பக்கம் ஒரே வரியில் துடைத்துவிட்டது.

இது உங்களுக்குப் புதிதும் இல்லை. சினிமாப் பாட்டு விமர்சனத்தில் நாயகனின் சட்டை நிறம் முதற்கொண்டு வரும். புல்லாங்குழல் யார், வயலின் யார் என்று மட்டும் வராது. கேசட் காலத்தில் உறையில் இடமில்லை என்றார்கள். உங்களிடம் ஒரு முழுப் பக்கமே இருக்கிறது. இதைப் பற்றி முன்பே நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். பக்க வடிவமைப்பைப் பாராட்டிய முதல் வரியை மட்டும் பிரசுரித்து, ‘வாசகர் மகிழ்ச்சி’ என்று தலைப்பும் கொடுத்திருந்தீர்கள். மகிழ்ந்தேன்.

கிராமி விஷயமும் அரைகுறைதான். 2014ல் அந்த ஒரே இரவில் ஐந்து விருது. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான விருதோடு, ஒலிப்பதிவுக்கென்றே தனியாக ஒன்று. மிக் குசாஸ்கி, பாப் லட்விக் போன்ற சவுண்ட் என்ஜினியர்கள் வாங்கியது அது. அவர்களும் உங்கள் கணக்கில் ஹெல்மெட்காரர்கள்தானோ என்னவோ.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம்: டிரம்ஸ் ஓமர் ஹக்கீம், ஜான் ராபின்சன்; பேஸ் நேதன் ஈஸ்ட்; கிடார் பால் ஜாக்சன் ஜூனியர், நைல் ராட்ஜர்ஸ். இடம் இல்லையென்றால் குறுக்கெழுத்துப் போட்டி விடைகளுக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டாலும் சரி. இந்தக் கடிதத்தில் கத்தரி வைத்தே ஆக வேண்டுமென்றால் தயவுசெய்து முதல் பத்தியில் வையுங்கள், பெயர்களில் வேண்டாம். சந்தாவைப் புதுப்பித்து அனுப்பியிருக்கிறேன். வீட்டில் உங்கள் தொடர்கதையைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
மதுரை.