பதினொரு பின்

பாப்பா,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஆறையும் ஃபால்ஸ் தைத்துக்கொண்டே கேட்டேன். சிவப்புத் தொப்பிக்காரி கதையில் அந்தச் சிவப்பு, வயசுக்கு வந்த ரத்தம்தான் என்று பலர் எழுதியிருக்கிறார்கள் என்றாய், சரி. ஆனால் பெரோ என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1697-இல் அச்சில் போட்ட கதை அது, பிரான்ஸ் கிராமத்தில் பாட்டிமார் வாயால் சொன்னதில் தொப்பியே கிடையாது, ஓநாய் வழிமறித்து "ஊசிப் பாதையா, குண்டூசிப் பாதையா, எதில் போகிறாய்?" என்றுதான் கேட்கும் என்றாயே, அங்கே மெஷினை நிறுத்திவிட்டேன்.

பதினைந்து வயதானால் பெண்ணை ஒரு குளிர்காலம் தையல்காரியிடம் அனுப்புவார்களாம், தையலுக்காக மட்டும் இல்லையாம், உடுத்தவும் நடக்கவும் பழகத்தானாம். குண்டூசி என்றால் சமைந்தவள், காதுள்ள ஊசி அதற்கு அடுத்த கட்டம். வெர்தியே என்ற ஆய்வாளர் அம்மாள் பிரான்சில் பர்கண்டிப் பக்கம் ஊர்ப் பெண்களிடம் கேட்டு எழுதினாராம். இதற்கு அவ்வளவு தூரம் போகவேண்டுமா? குண்டூசியை, அதுதான் நம்ம பின்னை, உருவிவிடலாம், ஊசி போன இடத்தில் நூல் நின்றுவிடும். தாராவியில் எந்தத் தையல்காரியும் சொல்வாள்.

அப்புறம் உன் சடங்குதான் ஞாபகம் வந்தது. 90 அடி ரோட்டில், உன் கிளாஸ் பையன்கள் பள்ளிக்கூடம் போகிற வழியிலேயே, உன் படம் போட்ட ஃப்ளெக்ஸ். உனக்குப் பன்னிரண்டு வயசு. முதல் சேலை நழுவக்கூடாதே என்று பதினொரு பின் குத்தினேன், ஒன்று இடுப்பில் கீறி ஜாக்கெட் ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம். "கழட்டிவிடும்மா" என்றாய். "போட்டோக்காரர் காத்திருக்கிறார்" என்றேன்.

ஏஞ்சலா கார்ட்டர் என்ற இங்கிலீஷ் எழுத்தாளர் 1979-இல் திருப்பி எழுதிய, பெண்டாட்டிகளைக் கொல்லும் நீலத்தாடிக்காரன் கதையில், பழைய கதைபோல அண்ணன்மார் வராமல் அம்மாக்காரியே குதிரையில் வந்து மருமகனைச் சுட்டுத் தள்ளுகிறாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குப் பிடித்தவள் பாட்டிமார் சொன்ன கதையில் வருகிற அந்தத் தொப்பியில்லாத பெண்தான்: வெளிக்குப் போகணும் என்று சொல்லி, ஓநாய் அவள் காலில் கட்டிவிட்ட கம்பளிக் கயிற்றை அவிழ்த்து மரத்தில் கட்டிவிட்டு ஓடினாளே! அவளுக்காக எந்த அம்மாவும் வரவில்லை.

சின்ன மாமா மகளுக்கு அடுத்த மாதம் சடங்கு. சேலை கட்டிவிட என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஃப்ளெக்ஸ் வேண்டாம், சேலையா சுடிதாரா என்று பிள்ளையைக் கேளுங்கள் என்றேன், இரண்டு நாளாக மாமா போனை எடுப்பதில்லை. உன் ஆல்பமும் அவன் வீட்டில்தான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் வாங்கி கூரியரில் போடுகிறேன்.

அம்மா