செவ்வாய்க்கிரகத்துக்கு ஆறு வரி, எங்களுக்கு ஒன்றரை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் 'வரலாற்றில் இந்த வாரம்' பத்தியில், ஒக்டோபர் 30க்குக் கீழே, "1964: சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் புதுடில்லியில் கைச்சாத்து. இரு நாட்டு உறவு வலுப்பெற்றது" என்று போட்டிருந்தீர்கள். அவ்வளவுதான். அதே திகதியில் 1938இல், வானொலி நாடகமொன்றைக் கேட்டு, செவ்வாய்க்கிரகத்துக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள் என்று அமெரிக்காவில் சிலர் பயந்த கதைக்கு ஆறு வரி, கூடவே படம். அவர்கள் பயந்தது ஒரு ராத்திரி.

இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சேர்ந்து, இங்கே இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரை, அவர்களைக் கேட்காமலேயே பங்கு பிரித்த ஒப்பந்தம் ஐயா அது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, பத்து வருடம் கழித்து அதையும் சரிபாதியாக வெட்டினார்கள். உங்களுக்குத் தெரியாத விஷயமல்ல. எங்கள் அப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதினார், பெரியப்பா இந்தியாவுக்கு எழுதினார். தோட்டத்து வரிசை வீடான ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பரா. பெரியப்பா தகரப் பெட்டியில் வெள்ளைப் பெயின்டால் தன் பெயரையும், இந்தியாவில் போய் இறங்கும் முகாமின் பெயரான 'மண்டபம்' என்பதையும் எழுதி, காயும்வரை வாசலில் வைத்திருந்தார். பெட்டிக்குள் அடங்காத அம்மியை எங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டுப் பெரியம்மா கோச்சி ஏறினார். பண்டாரவளை ஸ்டேஷனில் அன்று எழுந்த ஒப்பாரியில் எந்த உறவு வலுப்பெற்றது என்று பத்தி எழுதுபவர் சொன்னால் நல்லது. கோத்தகிரியிலிருந்து சில காலம் கடிதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. 1984இல் இராமேஸ்வரத்துக்குப் போன தலைமன்னார் கப்பல் நின்றபோது இந்தியப் பாஸ்போர்ட்டோடு இங்கேயே மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி எழுதப்போனால் உங்கள் பக்கம் போதாது.

சரி, ஒக்டோபர் 29க்கு வருவோம். 1929இல் நியூயோர்க் பங்குச்சந்தை சரிந்ததைப் போட்டிருக்கிறீர்கள். அதைத் தொடர்ந்த மந்தத்தில் தேயிலை, இறப்பர் விலை விழுந்து, 30களின் தொடக்கத்தில் தோட்டச் சம்பளத்திலும் கைவைத்தார்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். அதை விடுங்கள். அதே 29ஆம் திகதி, 2014இல், கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு சனம் மண்ணுக்குள் போனது பத்தியில் இல்லவே இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தது. அன்று பின்னேரம் நான் அங்கே நின்றேன். காலையில் பள்ளிக்கூடம் போனதால் தப்பிய பிள்ளைகள், வெள்ளைச் சீருடையோடு, தங்கள் காம்பரா எந்தப் பக்கம் இருந்தது என்று மண்வெட்டியோடு நின்ற பெரியவர்களுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள். நியூயோர்க்கில் சரிந்தது ஞாபகம் இருக்கிறது, கொஸ்லந்தையில் சரிந்தது மறந்துபோகிறது.

இது புதிதும் அல்ல. ஜனவரி 10க்கு, 1863இல் லண்டனில் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியதைப் போட்டீர்கள். 1940இல் முல்லோயா தோட்டத்தில் 16 சதச் சம்பள உயர்வுக்கான போராட்டத்தில் சுடப்பட்ட கோவிந்தனைப் போடவில்லை. மே 11இல், 1977இல் டெவன் தோட்டத்தில் காணிக்காக நின்று உயிர்விட்ட சிவனு லெட்சுமணனுக்கும் இடமில்லை. அப்போது நான் அனுப்பிய கடிதம் எந்தக் கூடையில் கிடக்கிறதோ! ஆனால் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் ஐயா 1999இல் காலமானதும் இதே ஒக்டோபர் 30தான் என்பது மட்டும் வருடா வருடம் தவறுவதில்லை. அஞ்சலி விளம்பரத்துக்குக் காசு வருகிறதல்லவா? தீபாவளி முற்பணம், சம்பளப் பேச்சுவார்த்தை, மண்சரிவு, இந்த மூன்றும் இல்லாத நாளில் மலையகம் என்றொரு இடமே உங்கள் பத்திரிகைக்குக் கிடையாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் ஞாயிறு அதே பத்தியின் அடியில் சின்னதாக ஒரு கட்டம் போட்டு, ஒப்பந்தத்தில் எத்தனை பேரைப் பிரித்தார்கள் என்ற கணக்கையும் மீரியபெத்தையையும் சேர்த்துவிடுங்கள். இடம் போதாவிட்டால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பண்டாரவளை.